குழுவுக்கு வெளியே ஒரு காது

சிங்களத்தின் முதலாவது பேசும் படம் மதுரையில் உருவானது. 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் திரைக்கு வந்த 'கடவுனு பொறொந்துவ'வுக்குக் காசு போட்டவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். நெறிப்படுத்தியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. இசை, நாராயண ஐயர். நடித்தவர்கள் நீர்கொழும்பு பி.ஏ.டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவினர். கதாநாயகி ருக்மணி தேவி, டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயரோடு கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில் பிறந்தவர்.

மினர்வா குழுவுக்குக் கதை புதிதல்ல. அதே பெயரில் மேடையில் ஆடிப் பாடிய நாடகந்தான். புதிதாக வந்தது ஸ்டூடியோ. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கவேண்டும் என்று தொண்டையைத் திறந்து பாடிப் பழகியவர்களுக்கு முன்னால் ஒலிவாங்கி வைக்கப்பட்டது. ஆர்மோனியக்காரர் பாடகரின் மூச்சுக்கு இசைந்து வாசித்த இடத்தில், எழுதி வைத்த சுரத்தை வாசிக்கும் தென்னிந்திய வாத்தியக் குழு உட்கார்ந்தது. ரசிகர் கைதட்டினால் திரும்பப் பாடும் வழக்கம் அங்கே செல்லாது. குழுவுக்குள் இருந்து ஒருவரும் கேட்காத மாற்றம் இது. காசும் கூடமும் வைத்திருந்த வெளியாள் கொண்டுவந்த மாற்றம்.

அதன் பலன் இரண்டு பக்கமும் வெட்டியது. சிங்களப் படத்துறை ஒன்று பிறந்தது. நாயகம் பின்னர் கந்தானையில் ஸ்டூடியோ கட்டினார். நாகர்கோவிலில் பிறந்த ஆர். முத்துசாமி போன்ற கலைஞர்கள் கடல் கடந்து வந்து இங்கேயே தங்கி, சிங்களப் படங்களுக்கும் இலங்கை வானொலியின் தமிழ் மெல்லிசைக்கும் ஒருசேர இசையமைத்தார்கள். 1972இல் வி.எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' தமிழ்ப் படத்தின் இசையும் முத்துசாமியுடையதே. மறுபக்கத்தில், அந்த முதல் பத்தாண்டின் சிங்களத் திரைப்பாட்டில் பெரும்பகுதி தமிழ், இந்தி மெட்டுகளுக்குச் சிங்களச் சொல் பொருத்திய வேலையாகப் போயிற்று. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ'வை ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்துக்குக் கொண்டுபோய் எடுத்ததும், அதன் பாட்டுகளைச் சுனில் சாந்தவும் அருட்தந்தை மார்சலின் ஜயக்கொடியும் மண்வாசத்தோடு அமைத்ததும் அந்தப் போக்குக்குச் சொன்ன பதில்.

இன்று வெளித் தயாரிப்பாளர் என்றதும் தலையில் ஹெட்போனோடு கணினி முன் இருக்கும் இளைஞன்தான் நினைவுக்கு வருகிறான். கொழும்பில் அந்தப் பாத்திரத்தின் வரலாறு நீளமானது. படமுதலாளி, வானொலி அலுவலர், இசைத்தட்டு வியாபாரி, சென்னை இசையமைப்பாளர் என்று பல உருவங்களில் அவர் வந்து போயிருக்கிறார். வந்தபோதெல்லாம் இரண்டு பொருள்களைக் கையில் கொண்டுவந்தார். ஒன்று, குழுவுக்குள் இல்லாத ஒரு காது. மற்றது, பாட்டு யாருக்குச் சொந்தம் என்று தீர்க்கும் காகிதம். காதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். குழுக்கள் வாழ்ந்ததும் உடைந்ததும் பெரும்பாலும் காகிதத்தினால்.

*

1960களின் நடுப்பகுதியில் இரத்தினபுரிப் பக்கத்தில் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் கிளாரன்ஸ் விஜேவர்தன. 1966இல் அவரும் அனெஸ்லி மாலேவனவும் சேர்ந்து 'த மூன்ஸ்டோன்ஸ்' குழுவைத் தொடங்கினார்கள். குழுவின் அலுவல்களைக் கவனித்தவர் ஸ்ரீ சங்கபோ கொரயா. வானொலியில் அவர்களுக்குக் கதவு திறந்தவர்களில் வேர்னன் கொரயாவும் விஜய கொரயாவும் முக்கியமானவர்கள். அந்தக் காலத்துக் குழுக்களின் காதில் ஒலித்தது ஹாரி பெலஃபொன்டேயின் கலிப்ஸோவும் 'லொஸ் பராகுவாயோஸ்' குழுவின் கிற்றார்களும். நெவில் பெர்னாண்டோவின் 'லொஸ் கபலேரோஸ்', நோயல் ரணசிங்கவின் 'லா சிலோனியன்ஸ்' என்று பெயர்களே ஸ்பானிய, பிரெஞ்சு வாடையோடுதான் இருந்தன. சுருக்கு வைத்த சட்டைக் கையோடு மேடையேறினார்கள். மின் கிற்றாரைச் சிங்களப் பாட்டின் நடுவில் கொண்டுவந்து இருத்தியவர்களில் முதன்மையானவர் கிளாரன்ஸ்.

இந்தக் குழுக்களை இசைத்தட்டில் ஏற்றியவர் ஜெரால்ட் விக்ரமசூரிய. அவருடைய 'சூரியா' முத்திரை 1960களின் இறுதியிலும் 1970களிலும் இலங்கைப் பொப்பிசைக்கு முகவரியாக இருந்தது. அவர் எந்தக் குழுவிலும் கிற்றார் வாசித்தவரல்ல. கேட்டார், தெரிந்தெடுத்தார், சேர்த்து வைத்தார். மொறட்டுவையில் அன்ரன் பெரேரா தம் பிள்ளைகளை வைத்து 1970இல் தொடங்கிய 'த ஜிப்சீஸ்' குழுவின் முதல் இசைத்தட்டு சூரியாவிலேயே வந்தது. ஆங்கிலப் பாட்டுகளை மேடையில் வாசித்துக்கொண்டிருந்த குடும்பக் குழு, அதன்பின் அரை நூற்றாண்டு சிங்கள பைலாவின் பெயராயிற்று. அந்தக் குழுவின் குரலாயிருந்த சுனில் பெரேரா 2021 செப்டெம்பரில் காலமானபோது நாடு துக்கப்பட்டது ஆங்கிலப் பாட்டுக்காக அல்ல.

இசைத்தட்டின் அளவே அந்தப் பாட்டுகளுக்கு வடிவம் கொடுத்தது. 7 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. மேடையில் ஆட்டக்காரர் களைக்கும்வரை நீளும் பைலா, தட்டில் மூன்று நிமிடத்துக்குள் முடியவேண்டும். எந்தச் சரணத்தை விடுவது, எந்தக் கிற்றார்த் துண்டை முன்னுக்குக் கொண்டுவருவது என்று யாராவது முடிவெடுத்தாக வேண்டும். குழுவுக்குள் அந்த முடிவை எடுத்தால் சண்டை. வெளியாள் எடுத்தால் முணுமுணுப்போடு போய்விடும். தயாரிப்பாளர் செய்யும் மிகப் பெரிய உபகாரம் சில வேளைகளில் இவ்வளவுதான்.

பின்னர் மூன்ஸ்டோன்ஸ் கலைந்து, கிளாரன்ஸும் அனெஸ்லியும் 'சூப்பர் கோல்டன் சைம்ஸ்' ஆனார்கள். கிளாரன்ஸ் மற்றக் குழுக்களுக்கும் பாடகர்களுக்கும் மெட்டமைக்கத் தொடங்கினார். அதாவது, வெளியாளிடம் வேலை கற்ற ஒரு குழுக்காரர் தாமே பிறருக்கு வெளியாள் ஆனார். ஒரு ஊரில் இசைத்தொழில் வேரூன்றுவது இப்படித்தான்.

*

இதே ஆண்டுகளில் தமிழ்ப் பக்கத்திலும் கிற்றார் ஒலித்தது. நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரி மாணவராக இருந்த நாள்களில் பாடத் தொடங்கிய பாட்டுகள் ஈழத்துப் பொப்பிசையின் தொடக்கமாகச் சொல்லப்படுகின்றன. யாழ்ப்பாணத்துப் பேச்சு, பைலாத் தாளம், பகிடி. 'சின்ன மாமியே' தெரியாத ஈழத்தவர் அரிது. ஏ.ஈ. மனோகரன், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை என்று அடுத்தடுத்து வந்தார்கள். வானொலியில் ஒலித்தார்கள், கார்னிவலில் பாடினார்கள்.

குறை திறமையில் இல்லை. சூரியாவைப் போல் ஆண்டுக்கணக்கில் ஒரே குழுக்களை வளர்த்து, ஒன்றின் பாட்டுக்காரரை இன்னொன்றுக்கு எழுதவைத்து, அடுத்த தட்டு எப்போது என்று கேட்டு நச்சரித்த ஒரு நிறுவனம் தமிழ்ப் பொப்புக்கு வாய்க்கவில்லை. பாடகர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற வாத்தியக்காரர்களின் பெயர் ஊருக்குத் தெரியவில்லை. குழு என்ற அமைப்பே உருவாகாமல் தனி ஆள் நட்சத்திரமாகிப் போனார். தனி ஆளுக்கு அடுத்த படி சினிமாதான். சினிமா இருந்தது சென்னையில்.

'சுராங்கனி'யின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது. மனோகரனின் குரலோடு ஒட்டிப்போன இந்தப் பாட்டு சிங்களமும் தமிழும் கலந்தது. நாலைந்து பேர், கிற்றார், கைதட்டு இருந்தால் எந்தக் கடற்கரையிலும் பாடிவிடலாம். 1977இல் பட்டு இயக்கிய 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்கு இளையராஜா அதை எடுத்துக்கொண்டார். திரையில் ஒலித்த குரல்கள் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும். தாளம் இறுகிற்று, வாத்தியங்கள் பெருகின, ஆண்குரலுக்குப் பெண்குரல் எதிர்க்குரல் ஆயிற்று. இலங்கைப் பாட்டு தமிழ்நாட்டின் பட்டிதொட்டிக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. மனோகரனும் சென்னை போனார். 'சிலோன் மனோகர்' என்ற பெயரோடு தமிழ், மலையாளப் படங்களில் நடித்தார், பெரும்பாலும் வில்லனாக. 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார்.

பாட்டு வென்றது. அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு கொழும்புக் குழு வளர்ந்திருக்கக்கூடும் என்ற வாய்ப்புத் தோற்றது. இளையராஜாவைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவருடைய வேலை படத்துக்கு ஒரு பாட்டு. குழுவை வளர்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

பிறகு வந்தவை தெரிந்தவை. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம், கசெட் வெள்ளம், தென்னிந்தியப் படப்பாட்டு வீட்டுக்கு வீடு. 1983 ஜூலைக் கலவரத்தில் படமுதலாளி கே. குணரத்தினத்தின் ஹெந்தல விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களின் மூலப்பிரதிகளும் அதில் சாம்பலாயின. பாடியவர்களில் பலர் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மெல்பேணுக்கும் போனார்கள். நித்தி கனகரத்தினமும் அவுஸ்திரேலியா போனவர்களில் ஒருவர்.

*

கொழும்பைப் போலவே கடலோடு ஒட்டிய, பிரித்தானியர் ஆண்ட, பல இனம் கலந்த இன்னொரு தீவுத் தலைநகரில் வேறொன்று நடந்தது. ஜமெய்க்காவின் கிங்ஸ்டனில் பொப் மார்லி, பீற்றர் ரொஷ், பனி வெய்லர் மூவரும் 'த வெய்லர்ஸ்' என்று பாடிவந்தார்கள். 1970இலும் 71இலும் லீ பெரி என்ற தயாரிப்பாளர் அவர்களுடைய குரல்களைத் தம் குழுவின் தாளக்காரர்களோடு சேர்த்தார். பாஸ் கிற்றாரும் ட்ரம்ஸும் வாசித்த பரெற் சகோதரர்கள் அப்படித்தான் வெய்லர்ஸுக்குள் வந்தார்கள். ரெகே என்று உலகம் இன்று அடையாளம் காணும் அந்தக் கனத்த பாஸ் வெளியாள் ஒருவரின் வீட்டிலிருந்து வந்தது.

1972இல் ஐலண்ட் நிறுவனத்து கிறிஸ் பிளாக்வெல் அவர்களுக்கு 4,000 பவுண் கொடுத்து ஒரு முழுத் தொகுப்புப் பதிவு செய்து வரச் சொன்னார். கிங்ஸ்டனில் 8 தடத்தில் பதிவான நாடாக்கள் லண்டனுக்கு வந்தன. பிளாக்வெல் அங்கே அவற்றின் மேல் இன்னும் சில அடுக்குகளை ஏற்றினார். அலபாமாவிலிருந்து வந்திருந்த வெய்ன் பேர்கின்ஸ் என்ற ரொக் கிற்றார்க்காரரும், ஜோன் பன்ட்ரிக் என்ற அமெரிக்க கீபோர்ட்காரரும் வாசித்தார்கள். பேர்கின்ஸுக்கு அதுவரை ரெகே பழக்கமில்லை. 1973 ஏப்ரலில் 'கட்ச் எ ஃபயர்' வெளிவந்தது. ரொக் கேட்டுப் பழகிய வெள்ளைக்கார இளைஞரின் காதுக்குள் ரெகே நுழைந்தது.

இதில் நமக்குக் கிடைக்கும் அரிய வசதி என்னவென்றால், மேலடுக்கு ஏறாத கிங்ஸ்டன் பதிவு 2001இல் தனித் தட்டாக வெளியிடப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். கிங்ஸ்டன் பதிவில் தாளம் நேரே மேலே நிற்கும், பாஸ் வயிற்றில் இடிக்கும், குரல்கள் மூன்றும் கிட்டத்தட்டச் சமம். லண்டன் பதிவில் வேகம் சற்றுக் கூட்டப்பட்டிருக்கிறது, கிற்றார் அழுகிறது, மார்லியின் குரல் முன்னுக்கு வந்து நிற்கிறது. எது நல்லது என்று இன்றும் ரசிகர்கள் சண்டை போடுவார்கள். கிங்ஸ்டன் பதிவு பாட்டாக உயர்ந்தது என்பவர் பக்கமே நியாயம் கூட. லண்டன் பதிவு இல்லாவிட்டால் அதைத் தேடிக் கேட்க எவரும் இருந்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

குரல் முன்னுக்கு வந்தது ஸ்டூடியோவில் மட்டுமல்ல. 1974 முடிவதற்குள் ரொஷும் பனியும் போய்விட்டார்கள். பெயர்ப்பலகை 'பொப் மார்லி அன்ட் த வெய்லர்ஸ்' ஆயிற்று. மிக்ஸிங் மேசையில் ஒரு குரலை உயர்த்தினால், நாளைக்குச் சுவரொட்டியிலும் அந்தப் பெயர் உயரும். குழுக்கள் இதைப் பிந்தியே உணர்கின்றன.

இங்கிலாந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1962 ஜூனில் பீற்றில்ஸின் பரிசோதனைப் பதிவைக் கேட்ட தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினுக்கு ட்ரம்ஸ்காரர் பீற் பெஸ்ற்றின் வாசிப்புப் பிடிக்கவில்லை. அதே ஆண்டிலேயே ஆள் மாறியது. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' மெல்லிய, இழுத்த பாட்டாக வந்தபோது வேகத்தைக் கூட்டச் சொன்னவரும் அவர்தான். மூன்றாண்டுக்குப் பின் 'யெஸ்ரடே'க்கு நாலு தந்தி வாத்தியங்களை எழுதிக் கொடுத்தார். குழு வளர்ந்தபோது தாமும் வளர்ந்து, பின்னுக்கு நிற்கவும் தெரிந்தவர். 1970இல் அதே குழுவின் 'லெற் இற் பீ' நாடாக்கள் ஃபில் ஸ்பெக்ரர் என்ற வேறொரு தயாரிப்பாளரிடம் போயின. அவர் போல் மக்கார்ட்னியின் பாட்டொன்றுக்கு அவரைக் கேளாமலே பெருவாத்தியக் குழுவையும் கோரஸையும் ஏற்றினார். மக்கார்ட்னி குழுவைக் கலைக்க நீதிமன்றம் போனபோது அந்தப் பாட்டும் காரணங்களில் ஒன்றாக முன்வைக்கப்பட்டது. 2003இல் அந்த அலங்காரமெல்லாம் களைந்த பதிப்பு வெளிவந்தது.

*

கொழும்புக்குத் திரும்புவோம். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. காதுக்கு இரண்டும் வேறு ஊர். வெள்ளவத்தையில் காலி வீதிக்கு இரண்டு பக்கமும் உள்ள ஒழுங்கைகளில் பின்னேரம் நடந்தால் வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்க வகுப்புகள் கேட்கும். இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபத்திலும் அரங்கேற்றங்கள். அங்கே பிள்ளை சுருதி பிசகாமல் பாடப் பழகுகிறது. கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயம், ஜம்பட்டா வீதி, கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் பக்கம். அங்கே பாடகர் குழாமில் நாலு குரலாகப் பிரிந்து பாடவும், கிற்றாரில் கோர்ட் பிடிக்கவும், கீபோர்ட்டில் பாட்டுக்கு முன்னே ஒரு துண்டு வாசிக்கவும் பழகுகிறார்கள். கல்யாண வீடு, பிறந்தநாள், தேவாலயத் திருநாள் என்று மேடை குறைவதில்லை.

இந்த இரண்டு பழக்கமும் ஒரு குழுவுக்குள் சேரும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. மிருதங்கக்காரர் தாளத்தை மனத்தில் வைத்து, பாடகரின் மூச்சோடு சற்று முன்னும் பின்னும் போவார். கீபோர்ட்காரர் இயந்திரத்தில் ஏற்கெனவே உள்ள தாளத்தை அழுத்திவிட்டு அதற்குள் எல்லாரையும் ஓடச் சொல்வார். மேடையில் சத்தத்தோடு சத்தமாக இது மறைந்துவிடும். பதிவில் மறையாது.

பதிவுக்கூடத்தில் அனுபவமுள்ள தயாரிப்பாளர் முதலில் செய்வது எதையும் சேர்ப்பதல்ல. எடுத்துவிடுவது. கல்யாண மேடையில் எல்லாரும் எல்லா நேரமும் வாசித்துப் பழகியிருப்பார்கள். ஒரு பானைக்குள் ஆளுக்கொரு பிடி உப்புப் போட்டதுபோல் ஓசை கரிக்கும். பல்லவியில் கீபோர்ட்டின் இடது கையை நிறுத்தினால் பாஸ் கிற்றார் முதல் தடவையாகக் கேட்கும். மிருதங்கத்துக்கு ஒரு ஒலிவாங்கி போதாது. வலந்தலைக்கு ஒன்று, தொப்பிப் பக்கத்துக்கு ஒன்று வைத்து, தொப்பியின் கும்கியை பாஸ் ட்ரம் இருக்கும் இடத்தில் இருத்தவேண்டும். பிறகு ட்ரம்ஸ்காரரின் பாஸ் ட்ரம்மை அந்த இடத்திலிருந்து விலக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும். இதைச் சொன்ன உடனே ட்ரம்ஸ்காரரின் முகம் மாறும். ஒலியைப் பற்றிய ஒவ்வொரு முடிவும் ஒரு ஆளைப் பற்றிய முடிவாகவும் இருக்கிறது. நண்பன் சொன்னால் அவமானம், வெளியாள் சொன்னால் தொழில்.

மெட்டாலிக்கா குழு 1991ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு பொப் ரொக் என்ற தயாரிப்பாளரை அழைத்தபோது இதே சூட்சுமம் வேலை செய்தது. அதுவரை ஆளுக்கொரு வேளையில் வந்து தம் பகுதியை மட்டும் பதிந்துவிட்டுப் போன குழுவை, ஒரே அறையில் ஒன்றாக நின்று வாசிக்கச் சொன்னார் அவர். மாதக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. வந்த தட்டுத்தான் அவர்களுடைய தட்டுகளில் மிக அதிகம் விற்றது.

தமிழ்நாட்டில் இந்த வேலையைத் திட்டமிட்டுச் செய்த ஒரு முயற்சி 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து, கானாப் பாடகர்களையும் ராப், ரொக் கலைஞர்களையும் ஒரு மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரி 6ஆம் திகதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. சாவு வீட்டில் பாடிய கானாவுக்குப் பக்கத்தில் மின் கிற்றார் நின்றபோது கானா தன் குரலை இழக்கவில்லை. காரணம், யாருடைய சொல் முன்னுக்கு நிற்கவேண்டும் என்பது ஒத்திகைக்கு முன்பே முடிவாகியிருந்தது. பாட்டின் அரசியல், பாடுகிறவர்களுடையது. ஏற்பாட்டாளர்கள் அதற்கு இடம் செய்தார்கள்.

*

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை இங்கே கட்டாயம் பேசவேண்டும். அந்தப் பாட்டின் ஒரு வேர் இலங்கை மலையகத்தில் இருக்கிறது. பாடலாசிரியரும் பாடகருமான அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய குடும்பத்தவர். அந்த நினைவுகள்தான் பாட்டின் உள்ளுடம்பு. குரல், பாடகி தீயும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது, கனடாத் தமிழர்கள் ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு தொடங்கிய மாஜா நிறுவனம்.

கேட்ட மாத்திரத்தில் அது ஒரு கூட்டுப் படைப்பு. ஒப்பாரிச் சாயல், ராப், நடன இசைத் துடிப்பு மூன்றையும் ஒரே பாட்டில் சண்டையில்லாமல் குடியிருத்தியது தயாரிப்பாளரின் திறமை. சண்டை வெளியே தொடங்கிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லாதது கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 2022இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் மேடையில் அவர் இல்லாமல் பாட்டு ஒலித்தபோது, எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தாமே என்று அறிவு பகிரங்கமாகச் சொன்னார். உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமமாகவே பகிரப்பட்டன என்று சந்தோஷ் நாராயணன் அறிக்கை விட்டார். 2024 மார்ச்சில் அவரே, இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று காணொளியில் சொன்னார்.

மெட்டு என்பது எது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. ஒருவர் வாயால் பாடிக் காட்டியதா, மற்றவர் அதற்குக் கட்டிய கோர்ட்டும் தாளமுமா? பழைய முறையில் இசையமைப்பாளர் எழுதினார், மற்றவர் வாசித்தார். இப்போது ஒரு அறையில் மூன்று பேர் இருந்து உருட்டி உருட்டி ஒன்றை உண்டாக்குகிறார்கள். அதை யார் செய்தார் என்று அன்றே எழுதி வைக்காவிட்டால் பிறகு ஒவ்வொருவர் நினைவும் ஒவ்வொன்று சொல்லும். எவரும் பொய் சொல்லவேண்டியதில்லை.

2021 மே மாதம் கொழும்பிலிருந்து புறப்பட்ட 'மெனிகே மகே ஹித்தே'யும் தயாரிப்பாளரின் பாட்டுத்தான். 2020இல் சதீஷன் ரத்னாயக்க, டுலான் ஏ.ஆர்.எக்ஸ். குரலில் முதலில் வந்தபோதும், பிறகு யொஹானி பாடியபோதும் இசை சமத் சங்கீத். குரலைச் சுற்றி இடம் விட்டு, பாஸைத் தடிப்பாக வைத்து, மிச்சத்தைச் சுருக்கினார். உலகம் பாடகியின் முகத்தைத்தான் கண்டது. 2022இல் இந்திப் படமொன்றுக்கு தனிஷ்க் பாக்சி அதை மீண்டும் சமைத்தார். சுராங்கனி போன பாதைதான், இம்முறை யொஹானியின் குரலும் கூடப் போனது என்பது முன்னேற்றம்.

கொழும்பின் தமிழ் ராப் கலைஞர்களும் அந்தப் பாதையில் போய் வந்திருக்கிறார்கள். ஏ.டி.கே. என்ற தினேஷ் கனகரத்தினம் 2009இல் விஜய் அன்ரனியோடு 'ஆத்திச்சூடி' பாடினார், 2013இல் 'கடல்' படத்தில் ரஹ்மான் இசையில் 'மகுடி' பாடினார். பெருமைப்படவேண்டிய செய்தி. ஆனாலும் 1977க்கும் இன்றைக்கும் இடையில் ஒன்று மாறவில்லை. கொழும்புத் தமிழ்க் குரலைத் தேடிக் கண்டெடுக்கும் காது இன்னமும் சென்னையில்தான் இருக்கிறது. படத்துக்கு ஒரு குரல் தேவைப்படும்போது அழைப்பு வரும். ஒரு குழுவின் மூன்றாவது, நாலாவது தொகுப்பு எப்படி இருக்கவேண்டும் என்று யோசிப்பதற்கு அங்கே எவருக்கும் நேரமில்லை, இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

அந்தக் காது கொழும்பிலேயே வளரவேண்டியது. அதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. வேண்டிய கருவி இன்று ஒரு மடிக்கணினிக்குள் அடங்கும். கொட்டாஞ்சேனைக் குழுவின் கீபோர்ட்காரர் வெள்ளவத்தைக் குழுவின் ஒத்திகையில் போய் இருந்து, எதை எடுத்துவிடலாம் என்று சொல்லலாம். வெள்ளவத்தை மிருதங்கக்காரர் மறுவாரம் கொட்டாஞ்சேனை போகலாம். மூன்ஸ்டோன்ஸுக்குப் பின் கிளாரன்ஸ் செய்தது அதுதான். சிங்களக் குழுக்களோடு வேலை செய்யும் தயாரிப்பாளர்களையும் அழைக்கலாம். மொழி தெரியாத காது, சொல்லில் மயங்காமல் ஒலியை மட்டும் கேட்கும். முத்துசாமி சிங்களத்துக்குச் செய்த உதவியை யாராவது தமிழுக்குத் திருப்பிச் செய்யட்டும்.

ஒரேயொரு முன்னேற்பாடு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோரின் உரிமையை அவருடைய ஆயுளுக்கும் அதற்குப்பின் 70 ஆண்டுக்கும் காக்கிறது. கூட்டுப் படைப்பென்றால் கடைசியாக இறப்பவரிலிருந்து 70 ஆண்டு. நிகழ்த்துநருக்கும் ஒலிப்பதிவின் தயாரிப்பாளருக்கும் தனித்தனியாக 50 ஆண்டு. பாட்டு உருவான கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு செய்யத் தேவையில்லை. யாருக்கு எத்தனை பங்கு என்பதைச் சட்டம் ஊகித்துச் சொல்லாது. ஆகவே ஒத்திகை முடிந்து, மிக்ஸிங் தொடங்குமுன், ஒரு தாளில் சொல் யாருடையது, மெட்டு யாருடையது, ஒழுங்கமைப்பு யாருடையது, ஆளுக்கு எத்தனை வீதம் என்று எழுதி, திகதியிட்டு, அறையில் இருந்த எல்லாரும் கையொப்பம் வைத்துவிடுங்கள்.